ஆண்கள் ஸ்கர்ட் அணிந்து அன்றாடம் வெளியே போகலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார்: "முழங்காலுக்குக் கீழே வரும் சாதாரண ஸ்கர்ட் அணிந்து கடைக்கும் பஸ்ஸுக்கும், முடிந்தால் அலுவலகத்துக்கும் போக ஆசைப்படுகிறேன். வெயிலுக்கு இதமாக இருக்கும், அந்த வடிவமும் எனக்குப் பிடித்திருக்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லை. வெளிநாடுகளில் ஆண்கள் உண்மையிலேயே அன்றாடம் இப்படிப் போகிறார்களா, ஃபேஷன் மேடையோடு சரியா? இந்தியாவில் சட்டச் சிக்கல் வருமா? 'பெண்பிள்ளை மாதிரி இது என்ன கோலம்?' என்கிறார் அப்பா. அவருக்கு என்ன பதில் சொல்வது?"

போகலாம். சட்டம் தடுக்காது. உலகில் கோடிக்கணக்கான ஆண்கள் இன்று காலையிலும் கால்களைத் தனித்தனியாகப் பிரிக்காத உடையில்தான் வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள். ஆனால் நீங்கள் படங்களில் பார்க்கும் ஐரோப்பியர்கள் அவர்களில் மிகச் சிலர். உங்களுக்குத் தொல்லை வரும் என்றால் அது துணியின் வடிவத்தால் வராது. அந்த உடையில் உங்களைப் பார்ப்பவர் உங்களை யாரோடு சேர்த்து வைக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் ஆயத்த ஆடைத் தொழிலில் பேட்டர்ன் வெட்டுபவன். அதனால் வடிவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கைலி என்பது ஏறக்குறைய இரண்டு மீட்டர் துணியின் இரு முனைகளையும் சேர்த்துத் தைத்த ஒரு குழாய். நேரான ஸ்கர்ட்டும் ஒரு குழாய்தான். வெட்டு மேசையில் விரித்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இடுப்பில் மட்டுமே தெரியும். கைலியில் இடுப்புக்கு மேல் மிஞ்சும் துணியைக் கையால் இழுத்து, மடித்து, சுருட்டிச் செருகிக்கொள்கிறோம். ஸ்கர்ட்டில் அதே மிச்சத்தை டார்ட் (உள்பக்கம் கூம்பாக மடித்துத் தைப்பது) பிடித்தோ மடிப்பு வைத்தோ எலாஸ்டிக் கொண்டு சுருக்கியோ தையல்காரர் நிரந்தரமாக அடக்கிவிடுகிறார். நாலு முழ வேட்டி குழாயாகத் தைக்கப்படாதது, சுற்றிக் கட்டுவது. தையல் மொழியில் அது முன்பக்கம் மேலேறிப் படியும் சுற்று ஸ்கர்ட். இப்போது கடைகளில் இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டையும் பாக்கெட்டும் வைத்த வேட்டி விற்கிறார்களே, அது இன்னும் ஒரு படி நெருங்கி வந்துவிட்டது. தமிழ்நாட்டில் கைலியும் வேட்டியும், யாழ்ப்பாணத்தில் சாரமும் கட்டும் ஆண்களுக்கு இந்த உடலுணர்வு புதிதே அல்ல. காற்று உள்ளே வந்துபோவது, உட்காரும்போது துணியைத் தொடைக்கு அடியில் ஒதுக்குவது, படியேறும்போது கரையை லேசாகத் தூக்கிப் பிடிப்பது எல்லாம் சிறுவயதிலேயே கைக்கு வந்துவிட்ட பழக்கங்கள்.

கால்சட்டைதான் ஆணுக்கு இயல்பான உடை என்ற எண்ணம் உலக வரலாற்றில் மிகவும் பிந்தியது. எகிப்தியர், சுமேரியர், கிரேக்கர், ரோமானியர் எல்லோரும் இடுப்பில் சுற்றிய துணியோ தோளிலிருந்து தொங்கும் அங்கியோதான் அணிந்தார்கள். கால்சட்டை குதிரையோடு வந்தது. சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில், துர்ஃபானுக்கு அருகே யாங்ஹாய் கல்லறைகளில் கிடைத்த கம்பளிக் கால்சட்டைகள் சுமார் 3000 ஆண்டுப் பழமை கொண்டவை. என் தொழிலில் இருப்பவர்களுக்கு அவற்றின் படங்களைப் பார்த்தால் மெய்சிலிர்க்கும். இரண்டு கால்களுக்கும் தனித்தனித் துண்டுகள் நெய்து, தொடை இடுக்கில் படிக்கட்டு வடிவில் அகன்ற மூன்றாவது துண்டு ஒன்றை வைத்து இணைத்திருக்கிறார்கள். சேணத்தின்மீது காலை அகட்டி உட்காருவதற்கென்றே யோசித்த வடிவம் அது. கி.மு. 307இல் சீனாவின் ஜாவ் நாட்டு அரசர் வூலிங், வடக்கத்திய குதிரைவீரர்களைச் சமாளிக்கத் தன் படைக்கும் அவர்களுடைய கால்சட்டையை அணிவித்தார். நாகரிகமற்றவர்களின் உடையை அணிவதா என்று அவையில் எதிர்ப்பு எழுந்தது. ரோமானியருக்கும் அதே அருவருப்புதான். கால்சட்டை என்றால் அவர்களுக்கு வடக்கத்தியக் காட்டுமிராண்டிகளின் உடை. 4ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ரோம் நகருக்குள் கால்சட்டை அணியக் கூடாது என்று பேரரசின் சட்டமே வந்தது.

பிறகு ஐரோப்பிய ஆண்கள் முழுவதும் கால்சட்டைக்கு மாறிய காலத்திலும், அவர்களுடைய பையன்கள் நான்கு முதல் எட்டு வயதுவரை கவுன்தான் அணிந்தார்கள். முதன்முறையாகக் கால்சட்டை மாட்டிவிடும் நாளைக் குடும்பமே கொண்டாடும். அமெரிக்க அதிபராக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் 1884ஆம் ஆண்டுப் புகைப்படம் ஒன்று இருக்கிறது. நீண்ட தலைமுடி, வெள்ளைப் பாவாடைக் கவுன், மடியில் தொப்பி. குழந்தைக்கு அப்போது இரண்டரை வயது. அந்தக் காலத்துப் பணக்கார வீட்டில் அது வெகு சாதாரணமான படம்.

இனி நீங்கள் கேட்ட வெளிநாட்டு வழக்கம். எல்லோரும் முதலில் சொல்வது ஸ்காட்லாந்தின் கில்ட்டைத்தான். அதன் கதையை முழுதாகத் தெரிந்துகொள்வது உங்களுக்குப் பயன்படும்.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலைநாட்டு ஆண்கள் அணிந்தது, தைக்காத நீண்ட கம்பளித் துணி. இடுப்பில் கொசுவி, வார்பட்டையால் இறுக்கி, மேல்பாதியைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். இரவில் அதுவே போர்வை. 18ஆம் நூற்றாண்டில் கீழ்ப்பாதி மட்டும் தனியாகப் பிரிந்து, மடிப்புகள் நிரந்தரமாகத் தைக்கப்பட்டு, இன்றைய கில்ட் உருவானது. 1746 ஏப்ரலில் கலோடன் போரில், மலைநாட்டவர் பெருமளவில் இருந்த கிளர்ச்சிப்படை அரசுப் படையிடம் தோற்றதும், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதே ஆண்டில் மலைநாட்டு உடையைத் தடைசெய்தது. முதல்முறை அணிந்து பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை பிடிபட்டால் ஏழாண்டுகள் கடல்கடந்த நாடுகடத்தல். தடை 1782வரை நீடித்தது. அதிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் பிரிட்டிஷ் ராணுவத்தின் மலைநாட்டுப் படைப்பிரிவினர். வீட்டில் அணிந்தால் குற்றமான உடை, அரசருக்காகச் சண்டையிடும்போது சீருடையாக இருந்தது. தடை நீங்கிய பிறகு, 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது வரவேற்பு ஏற்பாடுகளை எழுத்தாளர் வால்டர் ஸ்காட் பொறுப்பேற்றுச் செய்தார். மன்னரே கில்ட் அணிந்து நின்றார். மலைநாட்டு ஏழைகளின் துணி தேசிய உடையாக உயர்ந்தது அந்தக் காலத்தில்தான். முதல் உலகப் போரில் மலைநாட்டுப் படைவீரர்கள் பதுங்குகுழிகளிலும் கில்ட்டோடு இருந்தார்கள். மடிப்புகளுக்குள் பேன் குடியேறியது. நனைந்த கரை குளிரில் உறைந்து முழங்காலின் பின்புறத்தை அறுத்தது. அப்படியும் அதை விட மனமில்லாமல் பெருமையோடு அணிந்தார்கள்.

முறையாகத் தைத்த கில்ட்டுக்கு ஏழு மீட்டருக்கு மேல் துணி போகும். எடை இரண்டு கிலோவை நெருங்கும். முன்பக்கம் இரண்டு அடுக்காகத் தட்டையாக இருக்கும், மடிப்புகள் எல்லாம் பின்பக்கம். உட்காரும்போது கையைப் பின்னால் கொண்டுபோய் மடிப்புகளை ஒரே வீச்சில் ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். இடுப்பிலிருந்து முன்னால் தொங்கும் தோல்பை, பாக்கெட் இல்லாத குறையைத் தீர்க்கிறது. உட்கார்ந்தால் அதன் கனம் தொடைகளுக்கு நடுவே துணியைத் தாழ்த்திப் பிடித்துக்கொள்கிறது. கீழ்மூலையில் குத்தும் ஊசி இரண்டு அடுக்கையும் சேர்த்துப் பிடிக்காது, மேலடுக்கில் மட்டுமே இருக்கும். சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி இழுபட்டுக் கிழியும். இவையெல்லாம் நூறாண்டுகளுக்கும் மேலாக அணிந்து அணிந்து கண்ட தீர்வுகள். உங்கள் ஸ்கர்ட்டைத் தைக்கும்போது இவை கைகொடுக்கும், பிறகு வருகிறேன்.

ஆனாலும் கிளாஸ்கோவில் திங்கள்கிழமை காலை பஸ்ஸில் ஏறினால் கண்ணில் படுவது பெரும்பாலும் பேன்ட்தான். கில்ட் இன்று கல்யாணத்துக்கும், பட்டமளிப்புக்கும், கால்பந்து பார்க்கவும் உரிய உடை. பலர் வாடகைக்கு எடுத்து அணிகிறார்கள். 2024இல் ஜெர்மனியில் நடந்த ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிக்கு ஸ்காட்லாந்து ரசிகர்கள் பெருங்கூட்டமாகக் கில்ட்டில் போய் இறங்கினார்கள். அன்றாடம் அணிபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் சிறுபான்மை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2000இல் தொடங்கிய யூட்டிலிகில்ட்ஸ் நிறுவனம் கனத்த பருத்தியில், பெரிய பாக்கெட்டுகளோடு, வேலைக்குப் போட்டுக்கொள்ளும் கில்ட்டுகளைத் தைத்தது. தச்சர்களும் கணினிக்காரர்களும் அதை வாங்கி அணிந்தார்கள்.

ஆண்மைக்கு அடையாளமாகவே கொண்டாடப்படும் இந்த உடையிலும் தொல்லை இல்லாமல் இல்லை. உள்ளே என்ன அணிந்திருக்கிறாய் என்று கேட்பதும் துணியைத் தூக்கிப் பார்ப்பதும் அங்கே நெடுநாள் வழக்கம். இன்வர்னஸ் நகரின் மதுக்கூடம் ஒன்றில், வாடிக்கையாளர்களின் சீண்டல் தாங்க முடியாமல் ஊழியர்கள் கில்ட் அணிவதையே நிறுத்தினார்கள் என்று 2017இல் செய்தி வந்தது. பாவாடை அணியும் பெண்கள் வாழ்நாள் முழுவதும் சமாளிக்கும் கை அது.

உண்மையிலேயே அன்றாடம் என்றால் ஐரோப்பாவை விட்டுவிட்டு மியான்மரைப் பார்க்க வேண்டும். அங்கே வங்கி அதிகாரி, ஆசிரியர், பஸ் நடத்துநர், அமைச்சர் என எல்லாத் தரப்பு ஆண்களும் லுங்கி வடிவிலான 'பசோ' அணிகிறார்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பத்துப் பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். குழாயின் அகலத்தை இரு கைகளாலும் இரண்டு பக்கமும் இழுத்து, நடுவயிற்றுக்குக் கொண்டுவந்து, முறுக்கி ஒரு முடிச்சாகச் செருகுவார்கள். கைப்பேசியும் பணப்பையும் இடுப்பின் பின்புறம் செருகியிருக்கும். பெண்களின் 'தமெய்ன்' உடையும் இதே குழாய்தான். மேல்விளிம்பில் கறுப்புப் பட்டை தைத்திருக்கும், பூவும் அலையுமாக வேலைப்பாடு இருக்கும், நடுவில் முடிச்சு போடாமல் பக்கவாட்டில் மடித்துச் செருகுவார்கள். ஆணுடையதில் கட்டமும் கோடும். வேறுபாடு அவ்வளவே.

அப்படியிருந்தும், பெண் அணிந்த தமெய்ன் தொங்கும் கொடிக்கு அடியில் நடந்தால் ஆணுக்குரிய பேறும் வலிமையும் குறைந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கே ஆழமாக ஊறியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, போராட்டக்காரர்கள் தெருக்களின் குறுக்கே கயிறு கட்டித் தமெய்ன்களைத் தொங்கவிட்டார்கள். துப்பாக்கியோடு வந்த சிப்பாய்கள் அதைக் கடக்கத் தயங்கி, கயிற்றை இறக்கிவிட்டே நகர்ந்தார்கள். மார்ச் 8 பெண்கள் தினத்தன்று தமெய்னைக் கொடியாகவே ஏந்திப் போனார்கள். ஆண்களில் சிலர் அதைத் தலையில் கட்டிக்கொண்டு படம் எடுத்துப் பகிர்ந்தார்கள். இரண்டும் ஒரே குழாய்த்துணி. ஒன்றை ஆண் நாள் முழுவதும் உடுத்துகிறான், மற்றொன்றின் நிழலுக்கு அஞ்சுகிறான். உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

பசிபிக் தீவுகளிலும் இது அன்றாடம்தான். ஃபிஜியில் பாக்கெட் வைத்துத் தைத்த 'சுலு' என்ற சுற்றுடை, கோட்டும் டையும் சேர்ந்த அலுவலக உடை. காவலர்களின் சடங்குச் சீருடையான வெள்ளைச் சுலுவின் கீழ்க்கரை ரம்பப்பல் போல் வெட்டியிருக்கும். சமோவா, டோங்கா ஆண்களும் அப்படியே. பூட்டானில் அரசு அலுவலகத்துக்கு முழங்கால்வரை வரும் 'கோ' என்ற அங்கி கட்டாயம். இந்தோனேசியாவில் 2019 முதல் 2024வரை துணை அதிபராக இருந்த மஃரூஃப் அமீன் அரசு நிகழ்ச்சிகளுக்குச் சாரோங் கட்டியே வந்தார்.

ஐரோப்பாவில் சில இடங்களில் வெயில் இந்த விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. 2013 கோடையில் ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே ஓடும் ரயில்களின் ஆண் ஓட்டுநர்கள் ஸ்கர்ட் அணிந்து வேலைக்கு வந்தார்கள். சீருடை விதியில் அரைக்கால் சட்டைக்கு இடமில்லை, ஸ்கர்ட்டுக்கு இருந்தது. ஆணுக்கு மட்டும் அதை மறுத்தால் பாகுபாடாகிவிடும் என்று நிறுவனமும் ஒப்புக்கொண்டது. 2017 ஜூனில் பிரான்சின் நாந்த் நகர பஸ் ஓட்டுநர்களும், இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரப் பள்ளி மாணவர்களும் அதையே செய்தார்கள். துணிச்சலான செயல்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது அரைக்கால் சட்டை. ஸ்வீடனில் அது கிடைத்ததும் ஸ்கர்ட் போய்விட்டது. ஆண் ஸ்கர்ட்டில் வந்தால் நிர்வாகம் கூசிப்போய் இறங்கிவரும் என்ற கணக்குதான் அந்தப் போராட்டத்தின் பலம். ஃபேஷன் மேடை இதைவிட நேர்மையானது என்பேன். பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ழான் போல் கோத்தியே 1985ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஆண்களுக்கு ஸ்கர்ட் அணிவித்தார், 2003இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் ஆண்களின் ஸ்கர்ட்டுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது, 2022இல் நடிகர் பிராட் பிட் தன் பட வெளியீட்டுக்கு பெர்லினில் லினன் ஸ்கர்ட்டில் வந்து, காற்றோட்டத்துக்காக என்று காரணம் சொன்னார். அவர்கள் அந்த உடையை விரும்பி அணிந்தார்கள். ஆனால் அவர்களால் தெருவில் நடப்பவர்களின் உடை பெரிதாக மாறவில்லை.

எதிர்த்திசையில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பாருங்கள். பாரிஸில் பெண்கள் கால்சட்டை அணியக் காவல்துறை அனுமதி வேண்டும் என்று 1800இல் ஓர் ஆணை போட்டார்கள். குதிரைக் கடிவாளமோ சைக்கிள் கைப்பிடியோ கையில் இருந்தால் பரவாயில்லை என்று பிறகு தளர்த்தினார்கள். அந்த ஆணை செல்லாது என்று முறையாக அறிவித்தது 2013 ஜனவரியில். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே பெண்கள் அதை நடைமுறையில் செல்லாததாக்கியிருந்தார்கள். கேரளத்தின் பாலுசேரி அரசுப் பள்ளியில் 2021 டிசம்பரில் இருபாலருக்கும் பொதுவான சீருடை வந்தது. பேன்ட்டும் சட்டையும். நல்ல முடிவு, அந்த மாணவிகளுக்கு ஓடியாட வசதி. ஆனால் பொதுவான உடை என்று யார் எங்கே தேடினாலும் அது ஆணுடைய உடையில்தான் போய் முடிகிறது. பெண் கால்சட்டைக்கு வருவது ஏற்றமாகத் தெரிகிறது, ஆண் ஸ்கர்ட்டுக்குப் போவது இறக்கமாகத் தெரிகிறது. அந்த ஏணியில் யாரை எந்தப் படியில் வைத்திருக்கிறோம் என்பதை வெளிப்படையாகப் பேசாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

நம் நாட்டில் அந்த ஏணிக்குச் சாதி, வர்க்கம் என்ற படிகளும் உண்டு. 1930இல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. மடித்துக் கட்டிய வேட்டியைப் பெரியவர் எதிரில் வந்ததும் இறக்கிவிடும் பழக்கத்தை மரியாதை என்று இன்று சாதாரணமாகச் சொல்கிறோம். யாருடைய கரை எவ்வளவு இறங்கலாம் என்று அடித்து விதித்த காலமும் இதே மண்ணில் இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சி வந்ததும் படிகள் மாறின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சென்னைப் புகைப்படங்களில் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் தலையில் தலைப்பாகை, மேலே கோட்டு, கீழே வேட்டி என்று நிற்பார்கள். மெல்ல மெல்லக் கீழேயும் பேன்ட் வந்தது. வேட்டி விசேஷத்துக்கும் அரசியல் மேடைக்கும் ஏறியது, கைலி வீட்டுத் திண்ணைக்கும் உழைப்பவர் இடுப்புக்கும் போனது.

2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன், சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டியில் போனபோது உள்ளே விடவில்லை. பதவியில் இருக்கும் நீதிபதிக்கே அந்த நிலை. ஆகஸ்டில் தமிழ்நாடு சட்டப்பேரவை தனிச் சட்டமே இயற்றியது. வேட்டியையோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையையோ காரணம் காட்டிப் பொது இடத்தில் அனுமதி மறுத்தால் ஓராண்டுவரை சிறை, 25,000 ரூபாய்வரை அபராதம், கிளப்பின் உரிமம் ரத்து. 2019இல் அரசு ஊழியர்களுக்கான உடை ஆணையிலும் பேன்ட்டுக்கு இணையாக வேட்டி இடம்பெற்றது.

கைலிக்கு இந்தப் பரிவு கிடைக்கவில்லை. 2015 இறுதியில் கோயில்களுக்கு உடை விதி வகுத்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவில் வேட்டிக்கு இடமிருந்தது, கைலிக்கு இல்லை. சில வாரங்களில் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது என்பது வேறு. டாக்காவின் பணக்காரப் பகுதியான பாரிதாராவில் 2013இல் லுங்கி கட்டிய ரிக்‌ஷாக்காரர்கள் நுழையத் தடை போட்டபோது, மாணவர்கள் லுங்கி கட்டி ஊர்வலம் போனார்கள். 2023இல் கிரேட்டர் நொய்டாவின் குடியிருப்பு ஒன்றில், லுங்கியிலும் நைட்டியிலும் பொது இடத்தில் நடமாட வேண்டாம் என்று சுற்றறிக்கை ஒட்டினார்கள். வேட்டிக்கும் கைலிக்கும் காலைப் பிரிக்காத வடிவம் பொதுதானே. ஒன்று வெள்ளை, மற்றொன்று உழைப்பாளியின் நிறம். அங்கே இழிவுபட்டது உழைப்பாளி. உங்கள் ஸ்கர்ட் விஷயத்தில் இழிவுபடுவது பெண். இரண்டு இடத்திலும் துணி வெறும் சாக்கு.

சட்டத்தைப் பற்றி ஐயம் வேண்டாம். ஆண் இன்னதுதான் உடுத்த வேண்டும் என்று இந்தியாவில் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. திருநர் உரிமைகள் குறித்து 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒருவர் தன் தோற்றத்தையும் உடையையும் தேர்ந்துகொள்வது அரசமைப்பின் 19ஆவது பிரிவு தரும் கருத்துச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று சொல்கிறது. அந்த உரிமையைப் போராடிப் பெற்றவர்கள் திருநங்கையரும் திருநம்பியரும். நாளை நீங்கள் ஸ்கர்ட்டில் தெருவில் நடந்தால் அவர்கள் வெட்டிய பாதையில்தான் நடப்பீர்கள். தனியார் அலுவலகத்தின் உடை விதி வேறு விஷயம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு வருவோம். வீட்டில் அவர் கைலி கட்டுகிறவராக இருந்தால், "உங்களுடையதும் இதுதானே" என்று மடக்கத் தோன்றும். மடக்காதீர்கள். அது வேறு, இது வேறு என்பார். அவருடைய அனுபவத்தில் அது வேறுதான். அவர் கண்ணில் கைலி ஆணுடையது, ஸ்கர்ட் பெண்ணுடையது. அவருடைய அச்சம் இரண்டு. ஊர் உங்களைச் சிரிக்கும் என்பது ஒன்று, உங்கள் வாழ்க்கை வேறு திசையில் போகிறதோ என்பது மற்றொன்று. முதல் அச்சம் நியாயமானது. அதற்கு நீங்கள் எப்படித் தயாராக இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். இரண்டாவதற்கு உண்மையைச் சொல்லுங்கள். பிடித்த உடை என்பதற்கு மேல் எதுவும் இல்லையென்றால் அப்படியே சொல்லலாம். ஏதேனும் இருந்தாலும் அதில் தலைகுனிய ஒன்றுமில்லை. ஆனால் "நான் அப்படிப்பட்டவன் இல்லை" என்று அருவருப்போடு மறுக்காதீர்கள். அந்த மறுப்பு, அப்படிப்பட்டவர்கள்மீது கல்லெறிந்துவிட்டு உங்களைக் காப்பாற்றிக்கொள்வதாக முடியும். "பெண்பிள்ளை மாதிரி" என்ற சொல்லை அவர் வசையாகச் சொல்லும்போது, அதே வீட்டில் உங்கள் அம்மாவும் அதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறார். தன் மகனுக்குத் தன்னைப் போலத் தோன்றுவதே அவமானம் என்று ஒரு தாய் எத்தனை முறை கேட்க வேண்டும்? இதைச் சண்டையாக வேண்டாம், ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகக் கேளுங்கள். என்னுடைய பதில் முழுவதிலும் எனக்கு முக்கியமான இடம் இதுதான்.

இனித் துணி. பெண்களுக்கான ஆயத்த ஸ்கர்ட்டை வாங்கி அணிந்தால் பொருந்தாது. ஆணுக்கு இடுப்புக்கும் புட்டத்துக்கும் சுற்றளவு வித்தியாசம் குறைவு. பெண்களுக்கு வைத்த டார்ட்டுகள் பக்கவாட்டில் காற்றடைத்தது போல் உப்பி நிற்கும். தெரிந்த தையல்காரரிடம் தைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் தட்டையாக, மடிப்புகள் எல்லாம் பின்பக்கம் வரும்படி, கில்ட்டின் கணக்கிலேயே சொல்லுங்கள். உட்காரும்போது முன்புறம் உப்பாமல் படிந்திருக்கும். இடுப்புப் பட்டை நேராகவும் அகலமாகவும் இருக்கட்டும், பெல்ட் மாட்ட வளையங்கள் வேண்டும். கரை கெண்டைக்காலின் நடுவில் நின்றால் கீழ்ச்சுற்று ஒன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் பஸ் படியில் கால் எட்டாது, பின்பக்கம் பிளவு வைக்க வேண்டிவரும். கைலியின் இரண்டு மீட்டர் சுற்று நமக்குப் பழகிய அளவு, அதற்கு அருகில் வைத்துக்கொண்டால் நடை மாறாது. துணி மெலிதாக இருந்தால் வியர்வையில் தொடையோடு ஒட்டும், காற்றில் பறக்கும். டிரில் என்ற அழுத்தமான நெசவுத் துணி அல்லது கனமான கைத்தறிப் பருத்தி நல்லது. நிறம் கருநீலமோ சாம்பலோ இருந்தால் உங்கள் வழக்கமான சட்டைகளோடு சேரும். பக்கத் தையலில் இரண்டு ஆழமான பைகள் வைக்கச் சொல்லுங்கள். கைப்பேசியின் கனத்தில் துணி இழுபடாமல் இருக்க, பையின் மேல்விளிம்பைப் பட்டையோடு சேர்த்துத் தைக்க வேண்டும்.

உள்ளே முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் பருத்தி அரைக்கால் சட்டை அணியுங்கள். காற்றுக்கும் படிக்கட்டுக்கும் தொடை உராய்வுக்கும் அதுவே போதும். இரு சக்கர வாகனம் ஓட்டுவதாக இருந்தால் கரையைச் செயினிலிருந்தும் பின்சக்கரத்திலிருந்தும் விலக்கி, தொடைக்கு அடியில் இறுக்கமாக ஒதுக்கிக்கொள்ளாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள். துப்பட்டாவும் சேலை முந்தானையும் சக்கரத்தில் சிக்கிப் பறிபோன உயிர்கள் நம் ஊரில் பல.

முதலில் உங்களைத் தெரிந்தவர்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். பக்கத்துக் காய்கறிக் கடை, வழக்கமான டீக்கடை. பகலில், ஒரு நண்பரோடு. பழக்கமான முகம் என்றால் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அறிமுகமில்லாத ஆண்கள் கூட்டமாக நிற்கும் இடத்துக்கு இரவில் தனியாகப் போகாதீர்கள். யாரேனும் சீண்டினால் வாதம் செய்ய நிற்க வேண்டாம், ஆட்கள் இருக்கும் கடைக்குள் நுழைந்துவிடுங்கள். பெண்கள் இதைச் சொல்லித்தராமலே கற்றிருக்கிறார்கள், உங்களுக்குத் தெரிந்த பெண்களிடம் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அலுவலகத்துக்கு முன்னறிவிப்பில்லாமல் போய் நிற்காதீர்கள். பணியாளர் கையேட்டில் உடை விதி என்ன சொல்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள். ஆண், பெண் என்று பிரிக்காமல் எழுதியிருந்து, ஸ்கர்ட்டும் பட்டியலில் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. பிரித்து எழுதியிருந்தால் மனிதவளத் துறைக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். நீளம், நிறம், துணி மூன்றையும் குறிப்பிட்டு, தைத்ததை அணிந்து நேராக நின்று எடுத்த படம் ஒன்றையும் இணையுங்கள். அவர்கள் மனத்தில் ஓடும் கற்பனையைவிட உங்கள் படம் எளிமையாக இருக்கும். முதல் பதில் மறுப்பாக வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாடிக்கையாளர் சந்திப்பு இல்லாத நாள்களுக்கு மட்டுமாவது அனுமதி தரலாமா என்றும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.